மேஸ்திரி பேர் வைத்த மலைகள்

ஆம்பூரில் எங்கள் தோல் தொழிற்சாலையின் தரம் பிரிக்கும் மேசையில்தான் மேஸ்திரி அந்த வரைபடத்தை விரித்தார். நான்கு மூலைகளிலும் நான்கு டிபன் பாக்ஸ். நான் அங்கே கணக்குப் பிரிவு. என் மகன் தென்துருவத்துக்கு வண்டி மெக்கானிக்காகப் போயிருந்தான். அவன் இருக்கும் மலைத்தொடரைக் காட்டத்தான் படத்தை எடுத்துப் போனேன்.

தோல் எப்படி வந்து விழுந்தாலும், கழுத்துப் பக்கத்தை மேலே திருப்பிவிட்டுத்தான் மேஸ்திரி பார்ப்பார். அந்த மலைத்தொடரும் ஒரு முனையில் கழுத்துபோலக் குறுகியிருந்தது. அவர் கை தானாகப் படத்தைத் திருப்பியது. அச்சிட்ட பெயர்கள் தலைகீழாயின. எல்லாம் கப்பல் அனுப்பியவர்களின் பெயர்கள், அதிகாரிகளின் பெயர்கள். பலர் அந்த மலையைப் பார்த்ததே இல்லை என்று மகன் சொல்லியிருந்தான். பல சிகரங்களுக்கு உயரம் மட்டும்தான் போட்டிருந்தது.

“மன்சனே இல்லாத எடத்துல யார் சார் இத்தயெல்லாம் கூப்புடறது? நம்ம புள்ள கீறான், அவன் கூப்புடட்டும்” என்றவர், தோலில் குறி போடும் நீலக் கிரேயானால் எங்கள் பக்கத்து மலைகளின் பெயர்களை எழுதினார்: கைலாசகிரி, ஏலகிரி, ஜவ்வாது. கழுத்து நுனியில் தனியாக நின்ற ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். “இத்துக்குத் தம்பி வந்து வெக்கட்டும்.”

போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். அதன்பின் அவன் அந்தப் பெயர்களைச் சொல்லியே பேசினான்.

ஒரு காலையில் அவனை அனுப்பிய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பனிப்புயல். அவன் போன வண்டி திரும்பவில்லை. கடைசியாக மலைத்தொடருக்குத் தெற்கே இருந்தார்கள். நானும் மேஸ்திரியும், மேசையில் அவர் வைத்தபடியே கிடந்த படத்தின் கீழ்ப்பக்கம் பார்த்தோம். அங்கே கடல். கடல்மேல் உறைந்த பனித்தட்டு உடைந்து வண்டி மூழ்கியிருக்கும் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. இடத்துக்குப் போய் உட்கார்ந்து, விட்ட வேலையைத் தொடர்ந்தேன். மேஸ்திரி அன்று ஒரு தோலையும் தொடவில்லை.

மறுநாள் மகனே பேசினான். “கடலா? இன்னாப்பா, படத்த தலகீழா வெச்சினு பாத்தியா? மாமா பேர் வெக்காம உட்டாரே ஒரு மலை, அதுக்குப் பின்னாலதான் ஒதுங்கிக் கெடந்தோம்.”

படத்தைத் திருப்பி வைத்தேன். தெற்கே கடல் இல்லை. மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

போன ஞாயிறு, ஊர் திரும்பிய மகனைப் பார்க்க மேஸ்திரி சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதே படத்தை விரித்து, மூலைகளுக்குச் சமையலறை டப்பாக்களை வைத்தேன். இந்த முறை அவர் திருப்பவில்லை. கிரேயானை நீட்டினார். “வெய்யிப்பா பேரு. உன்னக் காப்பாத்தின மலை.”

“இருக்கட்டும் மாமா. அடுத்த தடவ போய்ட்டு வந்து வெக்கிறேன்.”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நேராகத்தான் இருந்தது. என் கண் மட்டும் கடலிலேயே நின்றது.