கடைசிக் கோடு சேரவில்லை

பல வருஷம் கழித்து ஒரு ரப்பர் எப்படி இருக்கும் என்று இன்று மத்தியானமே சொல்வதுதான் என் தொழில். அதையும் குக்கர் விசிலுக்கு நடுவே, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்த்து, “சும்மாதானே இருக்கீங்க?” என்று கேள்வி வாங்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

அழுத்தி வைத்த ரப்பர் நாளாக ஆகத் தளரும். அதற்காகப் பல வருஷம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை, எனக்குச் சுத்தமாக இல்லை. சூடாக்கினால் சீக்கிரம் தளரும். ஆகவே ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்ச நேரம் அளந்து, சூட்டுக்கு ஒரு கோடு போட வேண்டும். கோடுகளைப் பக்கவாட்டில் நகர்த்தி ஒன்றோடொன்று பொருத்தினால், பல வருஷத்தைக் காட்டும் ஒரே நீளக் கோடு கிடைக்கும். திருப்போரூரில் உள்ள ஒரு சோதனைக்கூடம் அளவுகளை அனுப்பும். செங்கல்பட்டில் நான் பொருத்துவேன். இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

இலை போட இடம்

என் கணவர் அணு ஆராய்ச்சியில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பர் சாப்பிட வந்தார். லேப்டாப்பை நகர்த்தினால்தான் இலை போட முடியும். “ஏதோ கிராஃப் போடுவா” என்று என்னை அறிமுகப்படுத்திவிட்டு, கணவர் மோர்க்குழம்பை இழுத்துக்கொண்டார். ஒரு கோடு ஒழுங்காகப் பொருந்துவதற்குள் என் காலைப்பொழுதே போய்விடும் என்றேன். நண்பர் திரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

“நல்லதும்மா, சீரியல் பாக்கறதுக்கு இது எவ்வளவோ தேவல.”

மாப்பிள்ளை டாக்டர்

மாமல்லபுரம் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் தன் கிராஃபைக் காட்ட வந்தார். கோடுகளைப் பக்கவாட்டில் மட்டும் நகர்த்த வேண்டும். இவர் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறவரை மேலும் கீழும் இழுத்து வைத்திருந்தார். ஏன் இழுத்தீர்கள் என்றேன். சேரவில்லையே, அதனால்தான் என்றார். திரும்பப் போய் அளந்துவிட்டு வாருங்கள் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

“கல்யாணப் பத்திரிகைல டாக்டர்னு அடிச்சாச்சு மேடம், இப்ப போய் அளக்கச் சொல்றீங்களே!”

இழுத்தா வராதா

படாளம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் குடிநீர்க் குழாய் இணைப்புக்கு ரப்பர் வளையம் செய்கிறார்கள். வளையம் தளர்ந்தால் தண்ணீர் கசியும், சாக்கடை உள்ளே போகும். மற்றக் கோடுகள் சமர்த்தாகச் சேர்ந்தன. உச்சச் சூட்டுக் கோடு மட்டும் வேறு பக்கம் வளைந்து நின்றது. அந்தச் சூட்டில் ரப்பரே வேறு பொருளாக மாறிவிட்டது என்று அர்த்தம். இதை வைத்து ஆயுள் சொல்ல முடியாது. சொன்னேன். தொழிற்சாலை மேனேஜர் ஏழுமலை போனிலேயே சிரித்தார்.

“இன்னா மேடம், கம்ப்யூட்டர்ல தானே கீது, மவுஸ வெச்சி இழுத்தா வராதா?”

ஒரு வரி

கிராஃபுக்குக் கீழே, ‘கடைசிக் கோடு சேரவில்லை, ஆயுள் கணிக்க இயலாது’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். சோதனைக்கூட முதலாளி பாஸ்கர் சார் உடனே கூப்பிட்டு, அந்த வரியை எடுக்கச் சொன்னார். கான்வென்ட்டில் பிசிறில்லாமல் வேலை செய்யப் பழக்கிய கன்னியாஸ்திரிகளை அன்று மனதாரத் திட்டிக்கொண்டேன். ஆனாலும் வரியை எடுக்க மாட்டேன் என்றேன்.

“வீட்டு வேலையோட இதையும் பாத்து ரொம்ப டயர்டா இருக்கீங்க, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கம்மா.”

எந்த ஊருக்கு

அதன் பிறகு எனக்கு ஒரு கோப்பும் வரவில்லை. நேரில் கேட்டுவிடுவோம் என்று பஸ் ஏறித் திருப்போரூர் போனேன். பாஸ்கர் சார் மேஜையில் அதே வளையத்துக்குப் புது கிராஃப் கிடந்தது. கடைசிக் கோட்டை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை ஸ்கேல் வைத்தாற்போல் நீட்டியிருந்தார்கள். என் வரி இல்லை. ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் அங்கே வந்திருந்த ஏழுமலை என்னிடமும் ஸ்வீட் பெட்டியை நீட்டினார். பாஸ்கர் சார் போனில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். இந்த வளையம் எந்த ஊர்க் குழாய்க்குப் போகிறது என்று ஏழுமலையைக் கேட்டேன்.

“பயப்படாதீங்க மேடம், உங்க தெருவுக்கெல்லாம் வராது, எல்லாம் காலனிப் பக்கம்தான்.”

ரப்பரைத் தளர்த்தத்தான் அடுப்பும் சூடும் வேண்டியிருக்கிறது. மனிதர்கள் ஏசி அறையிலேயே தளர்ந்துவிடுகிறார்கள்.