அவர் கற்றுக்கொள்ள ஒரு வண்டி

"மேடத்துக்கு இதுதான் சார் கரெக்டா இருக்கும். கியர் தொல்லையே கிடையாது. ஸ்கூட்டி ஓட்ற மாதிரி ஓட்டிக்கிட்டுப் போயிடலாம்" என்று ஷோரூம்காரர் என் கணவரிடம் சொன்னார்.

மேடமாகிய நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். பதினேழு வருடங்களாக ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்குத் தினம் கார் ஓட்டிப் போய் வேலை பார்த்தவள். பால்பண்ணை சந்திப்பில் இரண்டு லாரிகளுக்கும் ஒரு டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து வந்தவள். கற்றுக்கொள்ளப்போகிறவர் அவர். ஐம்பத்து நான்கு வயது, கணக்கு வாத்தியார், எல்எல்ஆர் காகிதம் சட்டைப் பையில் இருக்கிறது. "ஓட்டப்போறது நான்தான் தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா? சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் பற்றிக்கொண்டுதான் வந்தது.

காரணம் தில்லை நகரில் ஆரம்பித்தது. அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியில் என் முகத்தை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள். உள்ளே எங்காவது ஒளிப்புள்ளி தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். மும்முரமாக அழுத்தினேன். ஒன்றைக்கூட விடவில்லை என்ற திருப்தியோடு எழுந்து வந்தேன். டாக்டர் படத்தைக் காட்டினார். இடது கண்ணில், ஓரம் முழுக்கக் கறுப்பு. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலி எதுவும் தராமல் நரம்பு கெட்டுப்போயிருக்கிறதாம். போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போட வேண்டும் என்றார்.

"கார் ஓட்றீங்களா? இனிமே வேண்டாம்மா" என்று கடைசியாகச் சொன்னார், ஊறுகாயைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதுபோல. அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொல்லி மணி அடித்துவிட்டார்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் காவிரிப் பாலத்தில் ஒரு ஸ்கூட்டர் என் வண்டியின் இடது பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. அதை ஓட்டி வந்த பெண் முன்னால் குழந்தையை நிற்க வைத்திருந்தாள். தடுமாறி நிறுத்தி, திரும்பி, "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தினாள். நானும் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு நன்றாகக் கத்தினேன். யார் மேல் தப்பு என்று எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. அவள் கேட்டது சரியான கேள்வி என்று தில்லை நகரில்தான் தெரிந்தது. டாக்டர் சொன்னதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கோபம் மட்டும் இருந்தது, அதைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இல்லை.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது, சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் என் கணவர், "நான் கத்துக்கறேன்" என்றார்.

இவரா! பள்ளிக்கூடம் அடுத்த தெரு. நடந்து போவார், மிஞ்சினால் ஸ்கூட்டர். நான் எத்தனையோ தடவை கெஞ்சியபோது, "கிளட்ச்சும் எனக்கும் ஒத்து வராது, நீதான் இருக்கியே" என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர். இருந்தாலும் மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். பிரேக்கையும் கிளட்ச்சையும் பக்கத்திலிருந்தவரே மிதித்து முடித்தார். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊர்கோலம் போய் வந்தார். இனி சொந்தமாகப் பழக ஒரு வண்டி வேண்டும்.

பழகுகிறவருக்கு எப்படிப்பட்ட வண்டி வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மூக்கு குட்டையாக இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்தால் பானெட்டின் முனை தெரிய வேண்டும். உத்திர வீதியில் இரண்டு பக்கமும் ஸ்கூட்டரும் நடுவில் மாடும் நிற்கும்போது திரும்ப வேண்டும். கிளட்ச் லேசாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே நாலு கோடு விழுந்திருக்க வேண்டும். ஐந்தாவது கோட்டுக்குப் பயந்துகொண்டே ஓட்டினால் ஓட்டவே வராது.

இத்தனையும் உள்ள ஒரு வண்டி எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் உறை போர்த்தி நின்றது. என் வண்டி. சிவப்பு. பின் பம்பரில் இருக்கும் கோடு கொள்ளிடக்கரை மாடு. இடது கதவில் இருப்பது தேர் அன்றைக்குக் குறுக்கே விட்ட கரும்பு ஜூஸ் வண்டி. மற்றவை எல்லாம் எங்கள் வீட்டு கேட்.

"இதுலயே பழகுங்க" என்று சொன்னேன். அதைச் சொல்ல நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"அது வேண்டாம்" என்றார்.

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்னா விடேன்."

சரிதான், கௌரவம், என்று முடிவு கட்டினேன். பெண்டாட்டி ஓட்டித் தேய்த்த பழைய வண்டி துரைக்கு ஆகாது. தெருவில் எல்லோருக்கும் அது வாத்தியார் வீட்டம்மா வண்டி. அதில் இவர் எல் போர்டு மாட்டிக்கொண்டு போனால் மானம் போய்விடும். இப்படி நினைத்ததும் எனக்கு இன்னும் இரண்டு மடங்கு ஏறியது. சரி, புதுசே பார்ப்போம் என்று கிளம்பினேன்.

முதலில் அவருடைய அண்ணன் வந்து யோசனை சொன்னார். தில்லை நகரில் சொந்த வீடு, வாசலில் லாரி உயரத்துக்கு ஒரு வண்டி. "எடுக்கறதை பெருசா எடுத்துடுங்கம்மா. கத்துக்கறப்ப எங்கயாவது இடிச்சாலும் உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

"வெளிய இருக்கறவங்களுக்கு?" என்று கேட்டேன்.

சிரித்தார். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். என் கண்ணுக்கு முன்னால் அந்த ஸ்கூட்டர் குழந்தை நின்றது. காபி கொடுத்து அனுப்பினேன், சர்க்கரை போட்டேனா என்றுகூட எனக்கு நினைவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த ஷோரூம். மைலேஜ் விசாரணை முடிந்ததும் ஷோரூம்காரர் சாவியைக் கொண்டுவந்தார். யாரிடம் கொடுத்தார் என்று சொல்லத் தேவையில்லை. "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

இப்போதாவது சொல்வார் என்று பார்த்தேன். மனுஷன் சாவியை வாங்கிக்கொண்டு போய் உள்ளே உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். ஏசியைப் போட்டார். அதன் காற்றில் கையை வைத்துப் பார்த்தார். பாட்டுப் பெட்டியைத் திருகினார். ஹாரனை ஒரு தரம் அடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, போகலாம் என்று காத்திருந்தார். இவர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இறங்கி, சாவியை அவர் கையில் கொடுத்து, "வண்டி நல்லா இருக்கு" என்றார்.

ஷோரூம்காரர் என்னைப் பார்த்தார். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஓட்டத் தெரியாதுன்னு சொன்னா தலையா போயிடும்? அந்தாளு என்னைக் கத்துக்குட்டின்னு நினைச்சுக்கிட்டுப் போறான்!"

"நினைச்சா என்ன?" என்றார்.

நினைத்தால் என்னவாம்! எனக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். ஓட்டத் தெரிந்தவள் என்ற பெயர். அதையும் ஒரு ஷோரூம் வாசலில் விட்டுவிட்டு வர வேண்டுமா?

புதுசு வேண்டாம், கோடு விழுந்ததையே பார்ப்போம் என்று பழைய வண்டி விற்கும் ஒருவரிடம் போனோம். "லேடி டாக்டர் வச்சிருந்த வண்டிங்க மேடம். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் போச்சு" என்றார். அடுத்த வண்டியைக் காட்டினேன். அதுவும் டாக்டர் வண்டிதான். மூன்றாவது, பல் டாக்டர். திருச்சியில் பழைய கார் எல்லாமே டாக்டர் வீட்டிலிருந்துதான் வரும், மற்ற ஜனங்கள் எல்லாம் நடந்து போகிறார்கள் போலிருக்கிறது. லேடி டாக்டர் வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் காஷ்மீர் இருந்தால் ஒழிய அப்படித் தேயாது.

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று இவரைக் கேட்டேன்.

"உனக்குப் பிடிச்சா சரி."

"எனக்குப் பிடிச்சு என்ன ஆகணும்? ஓட்டப்போறது நானா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன்.

கத்திய பிறகு எனக்கே சுருக்கென்றது. அந்த வார்த்தையை அதுவரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. டாக்டர் வேண்டாம் என்றார், சரி. நான் வேலைக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்தேன், சரி. ஆனால் நான் இனிமேல் ஓட்டப்போவதில்லை என்று வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. வண்டிக்காரர் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது கீழே என் வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க வாரம் ஒரு முறை அவர் ஸ்டார்ட் செய்து வைக்கிறார் என்று எனக்குத் தெரியும். பார்த்ததில்லை. பார்க்கப் பிடிக்காமல் அந்த நேரத்தில் வேறு வேலை வைத்துக்கொள்வேன். அன்றைக்குப் படியில் இறங்கி வந்துவிட்டேன்.

உறையை எடுத்து மடித்து வைத்திருந்தார். வண்டியைத் துடைத்திருந்தார். ஓட்டுகிற பக்கத்துக் கதவு திறந்திருந்தது. அவர் வெளியே நின்று, இடுப்பை மடக்கித் தலையை மட்டும் உள்ளே விட்டு, ஒரு கையால் சாவியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முதுகு வலிக்காரர் அவர்.

"என்ன கூத்து இது? உள்ள உக்காந்து போட்டா என்ன?" என்றேன்.

திடுக்கிட்டு நிமிர்ந்ததில் தலையை இடித்துக்கொண்டார். "இருக்கட்டும். அஞ்சு நிமிஷம்தானே" என்றார்.

"அதான் ஏன்னு கேக்கறேன். இந்த சீட்டு என்ன உங்களைக் கடிக்கவா போகுது? பெண்டாட்டி வண்டின்னா அவ்வளவு கேவலமா?"

அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். தலையைத் தேய்த்துக்கொண்டார்.

"கேவலம் என்ன கேவலம்? அது உன் சீட்டு. நான் போயி அதுல உக்காந்தா, நீ இனிமே ஓட்டமாட்டேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். வேற வண்டி வாங்கிட்டா அது என் வண்டி. இது பாட்டுக்கு இங்க நிக்கட்டும், உன்னோடதா."

ஷோரூமில் வாயைத் திறக்காத மனுஷன், அங்கே சொல்ல வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்து இங்கே சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நான் ஊர் முழுக்க ஏறி இறங்கி இவருக்கு வண்டி பார்க்கிறேன், இவர் என் சீட்டுக்குக் காவல் நிற்கிறார். அதுவும் ஒரு வார்த்தை சொல்லாமல். நான் அவரைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன் என்று நினைத்துப் பார்த்தபோது அந்தக் கோபத்தில் பாதி என் பக்கமே திரும்பியது.

"நகருங்க" என்றேன்.

சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங் வழக்கம்போலக் கைக்குள் வந்தது. என் உயரத்துக்கு வண்டி வாங்கின அன்று முன்னால் இழுத்து வைத்த சீட்டு, அதற்கப்புறம் யாரும் தொட்டதில்லை. அவருக்கு முழங்கால் இடிக்கும். அடியில் கைவிட்டு நெம்புகோலைத் தூக்கித் தள்ளினேன். நகரவில்லை. இத்தனை வருடத்துத் தூசி. காலை ஊன்றி இன்னொரு முறை தள்ளினேன். அவர் உதவிக்கு வந்தார், "சும்மா இருங்க, எனக்குத் தெரியும்" என்று விரட்டினேன். மூன்றாவது தள்ளலில் கரகரவென்று பின்னால் போனது. பெடலுக்கு என் கால் எட்டாமல் தொங்கியது.

இறங்கினேன். "உக்காருங்க."

உட்கார்ந்தார். கால் சரியாக இருந்தது. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நான் சுற்றிப்போய் இடது பக்கம் ஏறினேன். அந்தப் பக்கத்திலிருந்து என் வண்டியை நான் பார்த்ததே இல்லை. அவர் இன்ஜினை ஓட விட்டு, முதல் கியர் போட்டு, கேட் வரை ஊர்ந்து வந்து நிறுத்தினார்.

"லெஃப்ட்ல யாராவது வர்றாங்களா பாரு" என்றார்.

சொல்லிவிட்டு அவருக்கே உறைத்திருக்க வேண்டும், சட்டென்று என்னைப் பார்த்தார். நான் உடம்பை முழுக்கத் திருப்பி, நல்ல கண் அந்தப் பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு ஒரு குடும்பம் ஈரத் துணியோடு வந்துகொண்டிருந்தது. ஒரு சின்னக் குழந்தை முன்னால் ஓடி வந்தது.

"இருங்க. அவங்க போகட்டும்."

போனார்கள். தெரு காலியானது. இன்னொரு தடவை பார்த்தேன்.

"இப்ப வாங்க" என்றேன்.

வண்டி ஒரு குதி குதித்து, கேட்டில் மோதாமல், நின்றுபோனது.

"கிளட்ச்சை மெதுவா விடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று கத்தினேன். அதுவரை ஒரு தடவைகூட நான் அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.