ஏரிக்கரையில் மலிவு வாடகை

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை எனக்கு. வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவே கூடாது என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொன்னார். அந்தத் தொகைக்கு ஊருக்குள் குளியலறைகூடக் கிடைக்காது. அதனால் நானும் கணவரும் நெடுஞ்சாலையில் வெகுதூரம் தள்ளியிருக்கும் தாமல் கிராமத்துக்குக் குடிபோனோம்.

வாசலைத் திறந்தால் ஏரி. தண்ணீரும் வானமும் ஒரே நீலம். சொர்க்கத்துக்கு இவ்வளவுதானா வாடகை என்று பூரித்துப் போனேன்.

முகூர்த்த மாதம் வந்தது. கடை மூடி, ஸ்கூட்டரில் வீடு சேர்ந்து, சமைத்துப் படுத்தால் உடனே விடிந்துவிடும். ஒரு நாள் காலை வேலைக்குப் போகும்போது நெடுஞ்சாலையெங்கும் இளவெயில். சாலை மெல்ல மெல்ல நீலப் பட்டாக மாறியது. ஓரமெல்லாம் ஜரிகை. எதிரே ஒரு கல்யாணப்பெண் சிரித்தாள். முந்தானையை விரித்துக் காட்ட இரண்டு கைகளையும் தூக்கினேன்.

கண் விழித்தபோது சாலையோர மணலில் கிடந்தேன். ஒரு லாரி உரசாத குறையாகக் கடந்து போனது. பேருந்துக்கு நின்றிருந்த ஓர் அம்மா ஓடி வந்து தூக்கினார். "இன்னாமா, தூங்கிக்கினேவா வண்டி ஓட்டுற?"

முழங்கைச் சிராய்ப்போடு தப்பினேன். மருந்து போட்டுவிட்ட கணவர், "அந்தாளு சொன்ன கணக்கு சரியாதான்மா இருக்குது. ஆனா அவரு நம்ம ஊர்ல வூடு தேடிப் பார்த்தாரா?" என்றார்.

இப்போது கடைக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் ஒற்றை அறை. சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது. நகைச் சீட்டை நிறுத்திவிட்டேன். யார் கணக்குச் சொன்னாலும் அவர் எந்த ஊர் என்று முதலில் பார்க்கிறேன். வேலைக்கு நடந்தே போகிறேன்.

ஏரி இன்னும் கனவில் வருகிறது. படுத்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.