வாவியோரக் கோச்சியும் உம்மாவின் செருப்பும்

போன மாதம் ஜெர்மனியில் மகள் என்னைக் கோச்சியில், அதுதான் ரயிலில், கூட்டிப்போனாள். பெரிய வாவி ஒன்றின் கரையோடு ஓடுகிற சின்னக் கோச்சி அது. ஜன்னலுக்குக் கீழேயே தண்ணீர். ஸ்டேஷன் வரும்போதெல்லாம் ஒரு பெண்குரல் ஊரின் பெயரைச் சொல்லும். சில பெயர்கள் ‘சே’ என்று முடிந்தன. ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டேன்.

“இஞ்ச வாவிக்கு ‘சே’ எண்டுதான் சொல்றது உம்மா,” என்று மகள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லை நானும் ஒரு கோச்சிக்குள் சொல்லியிருக்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. வாப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். பெருநாளைக்கு உம்மாவுக்கு ஒரு சோடி செருப்பு அனுப்பியிருந்தார், பச்சை வார் வைத்தது. உம்மாவின் முதல் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு போய் வாப்பாவுக்குக் காட்டவேண்டும் என்று உம்மாவுக்கு ஒரே ஆசை. எங்கள் ஊர் கல்முனையில் கோச்சி ஏது? உம்மாவின் தம்பி, என் மாமா, எங்களை பஸ்ஸில் மட்டக்களப்புக்குக் கூட்டிப்போனார்.

உம்மா கோச்சியைக் கண்டதே அன்றுதான். படிக்குக் கீழே மேடையில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி வலது காலை வைத்து ஏறினார். எந்த வீட்டுக்குள்ளும் நாங்கள் அப்படித்தானே போவோம். கோச்சி வெளிக்கிட்ட பிறகுதான் மாமா உம்மாவின் காலைப் பார்த்தார்.

“என்ன ராத்தா, கோச்சிக்குள்ள தொழப் போறீங்களா?”

பெட்டியே சிரித்தது. உம்மாவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், வாய் கோணிப்போனது.

“எட்டிப் பாரு புள்ள, செருப்புத் தெரியுதா?” என்று என் கையைப் பிடித்தார். எல்லாருடைய கண்ணும் என்மேல் திரும்பியது. கையை உதறினேன்.

“சே! போங்க உம்மா!”

சத்தமாகவே சொன்னேன். சொன்ன எனக்கும் காலில் செருப்பில்லை. பிள்ளைகளுக்கு யார் அப்போது செருப்பு வாங்கினார்கள்? பெற்றவர்களைப் பார்த்து அந்த ஒரு சொல் ஆகாது என்று ஓதப்பள்ளியில் லெவ்வை சொல்லித் தந்திருந்தார். தெரிந்தேதான் சொன்னேன்.

கொழும்பு வரும்வரை உம்மா சாரி ஓரத்தை இழுத்து இழுத்துக் காலை மறைத்தபடி இருந்தார். இறங்கினபோது, மேடையின் கடைசியில் வாப்பா நிற்பது தெரிந்தது.

“நீ மாமாவோட முன்னுக்குப் போ மகள். நான் பின்னால வாறன்,” என்றார் உம்மா.

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்து ஓடிவிட்டேன். திரும்பியும் பார்க்கவில்லை. வெறுங்காலோடு வருகிறவரின் பிள்ளை என்று யாரும் என்னைப் பார்த்துவிடக் கூடாதென்றுதான் அவர் பின்தங்கினார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.