தெலுங்கு அலமாரி காலியான நாள்

நூலகர் என்றால் வாயில் விரல் வைத்து 'உஷ்' என்று சொல்பவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். திருத்தணியில் நூலகராக இருந்த எங்கள் அத்தையின் குரலோ மூன்று தெருவுக்குக் கேட்கும். அந்தக் குரல் உச்சத்துக்குப் போனது, நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் ஆடிக் கிருத்திகை சமயத்தில்.

நூலகத்தில் ஓர் அலமாரி நிறையத் தெலுங்குப் புத்தகங்கள் இருந்தன. அவற்றை ஒருவரும் எடுப்பதில்லை என்பதால் கிருத்திகைக்கு முந்தின நாளான பரணியன்று வந்து மூட்டை கட்டிக்கொண்டு போவதாக மேலதிகாரி ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்படியே மலையேறி முருகனையும் கும்பிட்டுவிடலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு.

"தறியையும் அடுப்பையும் வுட்டுட்டு எந்தப் பொம்பளைங்க வருவாங்க? வந்தாலும் பெஞ்சு பூரா ஆம்பளைங்க பேப்பர் படிச்சிகினு உக்காந்துகினுகிறாங்க" என்று அத்தை தன் அண்ணனான எங்கள் நைனாவிடம் கத்தினாள். "அவுங்க வரலன்னா புஸ்தகம் அவுங்ககிட்ட போவட்டுமே!"

இரவல் போன புத்தகத்தை எந்த அதிகாரியாலும் மூட்டை கட்ட முடியாது. அந்த வாரம் முழுக்க அத்தை தெலுங்கு புழங்கும் எங்கள் தறித்தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தாள். பரணியன்று விடிந்ததும் புத்தகங்களைக் கைலித் துணியில் மூட்டையாகக் கட்டி என் தலையில் ஏற்றினாள். கைலி நெய்யும் எங்கள் தெருவில் கைலி மூட்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

"வீட்டுக்கு ரெண்டு. அவுங்க கையிலயே குடு. அந்தாளு பஸ்ஸு வந்துடும், ஓடு!"

அடடா, என்ன ஓட்டம்! கடைத்தெருவை அடைத்துக்கொண்டு காவடிகள் வந்துகொண்டிருந்தன. நான் தொண்டை கிழிய "அரோகரா!" என்று கத்தினேன். ஏதோ வேண்டுதல் மூட்டை என்று நினைத்துக் கூட்டம் விலகி வழிவிட்டது. ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கைகூடக் கூப்பினார். மூட்டை காலியாகக் காலியாகத் திரும்ப ஓடி வந்து அடுத்ததை வாங்கிக்கொண்டேன். என்னைப் பொறுத்தவரை இது பெரியவர்களோடு ஆடும் ஒளிந்து பிடிக்கும் ஆட்டம். படிக்கத் தெரியாத பெண்களிடம் புத்தகத்தை ஒளித்து வைக்க வேண்டும் என்று தோன்றிய அத்தையின் மூளையை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைக்கூட அவளுக்கு நான்தான் படித்துச் சொல்வேன்.

கடைசி இரண்டு புத்தகங்களை அம்மாவின் மடியில் போட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடினால், அதிகாரி காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் ஏமாளி இல்லை.

"ஒரே காலையில அத்தனையும் போயிடுச்சா? படிக்கிறவங்களை நான் பாக்கணுமே" என்றார். "பக்கத்துல யார் வீடு?"

பக்கத்தில் எங்கள் வீடுதான். அம்மா மாட்டிக்கொள்ளப் போகிறாள், அலமாரி போகப்போகிறது.

அத்தையும் அதிகாரியும் நானுமாக உள்ளே நுழைந்தால், பகலில் ஒருநாளும் ஓயாத அம்மாவின் ராட்டை நின்றிருந்தது. தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவதை விட்டுவிட்டு அவள் மடியில் புத்தகத்தை விரித்துக் குனிந்திருந்தாள்.

"அதைக் கொஞ்சம் படிங்கம்மா" என்றார் அதிகாரி.

அம்மா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். பிறகு தெலுங்கில் ஆரம்பித்தாள். மாமியாரிடம் கோபித்துக்கொண்டு ரயில் ஏறிவிட்ட ஒரு மருமகளின் கதை. முதலில் குரல் திக்கியது, பிறகு தண்ணீராக ஓடியது. சரியான இடத்தில் பக்கத்தைக்கூடப் புரட்டினாள்! நின்ற இடத்தில் ஒரு கதையை இப்படி இட்டுக்கட்ட இந்த ஊரில் யாரால் முடியும் என்று நான் வாய் பிளந்து நின்றேன்.

அம்மா நிறுத்தியதும் அதிகாரி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்றார். கேட்டுவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அலமாரி இங்கயே இருக்கட்டும்மா" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு மலைக்குக் கிளம்பினார்.

நான் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தேன். "எம்மா, சூப்பரா நடிச்சம்மா! போதும், அவரு மலைக்குப் பூட்டாரு."

"ஆங், செத்த இரு கண்ணு" என்றாள் அம்மா. கண்ணை எடுக்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

ஆந்திரா பக்கம் நகரியில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள் அவள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அதிகாரி திரும்பி வந்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் இன்னும் நடிக்கிறாள் என்று நினைத்து, அவர் வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டுமே என்று நான் போய் வாசற்படியில் காவல் உட்கார்ந்தேன்.