பிஞ்சுச் சோளம் போட்டவள்

கொரோனா அடங்கி, ஆரணியில் பட்டுக் கடைகளை மறுபடி திறந்த சமயம் அது. நானும் என் தோழியும் ஒரே கடையில் புடவை எடுத்துப் போடும் வேலையில் இருந்தோம். கல்யாணக் கூட்டமே இல்லை. பாதி நாள் வந்தால் போதும், பாதிச் சம்பளம் என்று முதலாளி சொல்லிவிட்டார். மீதி நேரம் உட்கார்ந்து போனைத் தேய்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

அப்படித் தேய்த்தபோதுதான் அவள் கண்ணில் அல்பாகா பட்டது. வெளிநாட்டுப் பிராணி. ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் பிறந்தது போல நீளக் கழுத்து, உடம்பெல்லாம் பஞ்சு. அதன் ரோமத்தில் நூல் நூற்கிறார்களாம். அவளோ பட்டு நெசவுக் குடும்பத்து மருமகள். நூல் என்றால் விடுவாளா?

"அக்கா, இத்த ஒரு ஜோடி வாங்கி வளக்கலாங்க்கா. நூலு எடுத்து நாமளே நெய்யலாம்."

"ஏண்டி, சித்திரை வெயில்ல நாமே வெந்துகினு கெடக்கறோம். அந்தக் கம்பளி மூட்டை ஆரணியில ஒரு நாளு தாங்குமா?"

அவள் கேட்கவில்லை. கால்நடை டாக்டர் ஒருவரிடம் போய் நேரிலேயே விசாரித்தாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "பேசாம வெள்ளாடு வளருங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். அங்கே ஆரம்பித்தது எங்கள் பண்ணை.

ஆடு எனக்குப் புதிது இல்லை. கண்ணமங்கலம் போகும் வழியில் எங்கள் ஊர். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் ஆட்டை வாரத்துக்கு வாங்கி வளர்த்துத்தான் என் அம்மா எங்களை ஆளாக்கினாள். ஆடு அவர்களுடையது, வளர்ப்பு நம்முடையது, போடும் குட்டியில் ஆளுக்குப் பாதி. அதுதான் வாரம். இதில் முதலீடே நம் பெயர்தான். 'அவள் கையில் கொடுத்தால் ஆடு சாகாது' என்று நாலு பேர் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு அந்தப் பெயர் இருந்தது. அவளுக்குப் பிறகு எனக்கும் இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் அப்போதும் ஊரார் ஆடுகள் கட்டியிருக்கும்.

தோழியின் மாமியார் வீட்டுக்கு ஊருக்கு வெளியே கிணற்றோடு ஒரு மனை இருந்தது, அதில் பழைய தறிக் கொட்டகையும் சும்மா கிடந்தது. இடமும் ஆடும் அவர்களுடையது, வளர்ப்பு என்னுடையது என்று பேசினோம். என்னைப் பங்குதாரர் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். அவள் மாமியார், "ஆடு பாத்துக்க ஆளு வெச்சிருக்கோம்" என்று சொன்னார். இரண்டும் என் காதில் விழுந்தன. அந்த வீட்டில் என்னை அக்கா என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். அந்த ஒரு வார்த்தைக்காக மற்றதையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பண்ணை நன்றாகத்தான் நடந்தது, பொய் சொல்லக் கூடாது. கொட்டகையில் மரப்பலகைப் பரண் போட்டோம். புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆடு காய்ந்த இடத்தில் படுக்கும். ஆடி மாதத்துக்கும் பக்ரீத்துக்கும் ஆள்கள் தேடி வந்து கிடா பிடித்துப் போனார்கள். நெற்றியில் புசுபுசுவென்று முடி வளர்ந்த ஒரு பெட்டைக்கு அல்பாகா என்றே பெயர் வைத்தாள். அது அவள் பின்னாலேயே சுற்றும். ஜவுளிக் கடையில் யார் யாருக்கோ புடவை விரித்துக் காட்டிய எனக்கு, அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தால் சொந்த வீட்டுக்குள் நுழைவது மாதிரி இருக்கும்.

காலைத் தீவனம் என் பொறுப்பு. நான் புல்லையும் தழையையும் தொட்டியில் போடுவேன். சாயங்காலம் அவள். ஆடு தலையைத் தூக்கித் தின்றால்தான் அதற்குத் திருப்தி என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதனால் அகத்தியைக் கட்டுக் கட்டாகக் கட்டி மூங்கிலில் தொங்க விடுவாள்.

இங்கேதான் விஷயம். நெசவுக்காரர் வீட்டில் எதையும் நூலால்தான் கட்டுவார்கள். நெய்து முடித்துப் பாவு நூலை அறுத்த பிறகு தறியில் துண்டு நூல் மிஞ்சும். பட்டு, பாலியஸ்டர், ஜரிகை எல்லாம் கலந்து கிடக்கும். அதை யாரும் வீசுவதில்லை. அப்பளப் பொட்டலம், வாழை இலைக் கட்டு, மூக்குக்கண்ணாடிக் காது என்று அந்த நூல் படாத பொருள் அவர்கள் வீட்டில் இல்லை. அவளும் கை வந்த பழக்கத்தில் அகத்திக் கட்டையும் நூலாலேயே சுற்றினாள். எங்கள் ஊரில் தழைக் கட்டைத் தழையின் கொடியாலேயே முறுக்குவோம், ஆடு அதையும் சேர்த்துத் தின்றுவிடும். நான் காலையில் வரும்போது மூங்கில் வெறுமையாக இருக்கும். அவள் பனை நாரில் கட்டி, பிறகு எடுத்து வைக்கிறாள் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு கோடையில் ஆடுகள் ஒவ்வொன்றாகத் தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. அசை போடவில்லை. புழுக்கை நின்றது. வயிறு உப்பியது. எனக்குத் தெரிந்த கைவைத்தியம் அத்தனையும் செய்தேன், டாக்டர் சொன்ன மருந்தும் கொடுத்தேன். சினை ஆடுகள் முதலில் போயின. அல்பாகாவும் ஒரு காலையில் காலை நீட்டிவிட்டது. அவள் தரையில் விழுந்து அழுதாள். டாக்டர் வந்து, "அறுத்துப் பாத்துடலாம்மா" என்றார்.

கொட்டகைக்குப் பின்னால் வைத்து அறுத்தார். இரைப்பையைக் கிழித்தபோது உள்ளே தழைக்கு நடுவே ஒரு பந்து. அவர் அதைத் தண்ணீரில் அலசினார். நூல்! அரக்கும் பச்சையும் மஞ்சளுமாகச் சிக்குண்ட நூல். சாயம்கூடப் போகவில்லை. வெயிலில் ஜரிகை மினுங்கியது.

"இத்தனை நூலை ஆட்டுக்கு யாரும்மா போட்டது? இரைப்பையை அடைச்சுடுச்சே. செத்ததுக்கெல்லாம் இதுதான் காரணமா இருக்கும். இருக்கறதுக்காவது கட்டாம போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

தோழி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க வீட்டுல சொல்லிடாதீங்க்கா. ஏற்கனவே பண்ணை எதுக்கு, வேலை எதுக்குன்னு தெனம் பேஜாரு பண்றாங்க. நான்தான் கொன்னேன்னு தெரிஞ்சா அம்மா வீட்டுக்கே தொரத்திடுவாங்க. கொஞ்ச நாளு போவட்டும், நானே சொல்லிடறேன். எம்மேல சத்தியமா."

சரி என்றேன். அழுகிற பெண்ணிடம் வேறு என்ன சொல்வது? நூல் பந்தை நானே குழி தோண்டிப் புதைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாமியார் ஆட்டோவில் வந்து இறங்கினார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். "தீவனக் கோளாறாம் அத்தை" என்றாள் இவள். மாமியார் என் பக்கம் திரும்பினார். "பிஞ்சுச் சோளம் கீளம் போட்டியா?"

பிஞ்சுச் சோளத்தட்டையில் விஷம் இருக்கும். ஆடு மேய்க்கிற வீட்டில் குழந்தைக்குக்கூட அது தெரியும். ஒரு சமையல்காரரைப் பார்த்து, 'சோற்றில் பல்லி விழுந்ததைப் பார்க்காமல் பரிமாறினாயா?' என்று கேட்பது மாதிரி அது. நான் தோழியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மீதி ஆடுகளை விற்றுப் பண்ணையை மூடினார்கள். பிஞ்சுச் சோளப் பேச்சு எங்கள் ஊருக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? வாரத்துக்கு விட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து, "தப்பா நெனச்சுக்காதம்மா" என்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "போய்ச் சொல்லேன் உண்மைய! நீ இன்னா பெரிய தியாகியா?" என்று கத்தினார். "சத்தியம் பண்ணியிருக்கா, அவளே சொல்லுவா" என்றேன். ஒவ்வொரு நாளும் அதை நம்பினேன். வாசல் காலியாகக் கிடந்தது.

பிறகு, கடையில் எங்களோடு வேலை செய்த ஓர் அம்மாவின் மகளுக்குச் சேத்துப்பட்டில் கல்யாணம். மண்டபத்தில் தோழியைப் பார்த்தேன். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே கை. எனக்கும் மனசு இளகத்தான் செய்தது. பழைய கடையில் கூட இருந்த பெண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒருத்தி, "ஏண்டி, நல்லா நடந்துகினு இருந்த பண்ணைய ஏன் மூடிட்டீங்க?" என்று கேட்டாள்.

இதோ, இப்போது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"அக்கா தெரியாம பிஞ்சுச் சோளத்தைப் போட்டுட்டாங்க. பாவம், அவங்கள சொல்லி இன்னா பண்றது? நான் அப்பவே மறந்துட்டேன்" என்றாள்.

சொன்னபோது அவள் கண்ணில் கள்ளம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிச் சொல்லி, அவளுக்கே அது உண்மையாகிவிட்டது. என் கையைத் தடவிக் கொடுத்தபடி, அத்தனை பேர் முன்னால் என்னை மன்னித்துக்கொண்டிருந்தாள்! நூலைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். சுற்றியிருந்த முகங்கள் எல்லாம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தன. அந்த முகங்களிடம் இனி என்ன சொன்னாலும் பழியைத் தள்ளிவிடப் பார்க்கிறேன் என்றுதான் படும். கையை உருவிக்கொண்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். ஆட்டுக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா தெரியாது.

இப்போது என் வாசலில் யாருடைய ஆடும் இல்லை. அடுத்தவர் பழியைக் கொஞ்ச நாளைக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டேன்; கொடுத்தவளே அது என்னுடையது என்று நம்பிவிட்ட பிறகு, நான் யாரிடம் போய் அதைத் திருப்பிக் கொடுப்பேன்?