நான்கு பேருக்கு ஒரு சேலை

சென்ற வாரம் என் அண்ணன் மகள் ஒரு நேர்காணலுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். மடிக்கணினியின் முன் அமர்ந்து பேசுகிற நேர்காணல். மேலே தேய்த்த சட்டை, கீழே வீட்டில் உடுத்துகிற பழைய பாவாடை. "இடுப்புக்குக் கீழ தெரியாது அத்தே, பெறவு எதுக்கு முழுசா உடுத்தணும்?" என்றாள். சட்டையைத் தேய்க்க விரிப்பாகப் போட்டிருந்தது என் பருத்திச் சேலை ஒன்றை. சூடு பட்டதும் அதிலிருந்து அரிசிக் கஞ்சியின் மணம் எழுந்தது. திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். திட்ட வந்தது மறந்துவிட்டது. அந்த மணம் என்னை எங்கே கொண்டுபோய் இறக்கியது என்று சொல்கிறேன். சற்றுச் சுற்றித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்தபோது விடுதியின் ஓர் அறையில் நாங்கள் நான்கு பேர். நால்வருமாகச் சேர்ந்து ஒரே ஒரு நல்ல சேலை வாங்கினோம். சாம்பல் நிறம், நீலக் கரை. அதற்கு 'இன்டர்வியூ சேலை' என்று பெயரே வைத்தாயிற்று. ரவிக்கை மட்டும் அவரவர் சொந்தம், ஏனெனில் எங்கள் நால்வரின் உடல்வாகிலும் எந்த ஒற்றுமையும் இல்லை. நேர்காணலுக்குப் போய்வந்தவள் சேலையைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, அடுத்த முறைக்காரியிடம் சேர்த்துவிட வேண்டும். முதல் இருவர் அதைக் கட்டிக்கொண்டு போய் வேலையோடு திரும்பினார்கள். மூன்றாவதாகப் போன எசக்கியம்மாளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. "கஞ்சி கூடிப்போச்சுட்டி. சேலை ஜம்முன்னு நின்னுது, நாந்தான் நடுங்கிட்டேன்" என்றாள். அடுத்த முறை என்னுடையது.

பயிற்சி முடிந்து இரண்டு வருடத்துக்கு மேல் கழிந்துதான் எனக்கு அழைப்புக் கடிதம் வந்தது. ஆழ்வார்திருநகரிக்கு அருகே ஒரு பள்ளியில் நிரந்தர இயற்பியல் ஆசிரியர் பணி. அப்பா அதை மூன்று தடவை படித்தார். நான் ஒரு தடவைதான் படித்தேன். அது எசக்கி இரண்டு வருடமாகத் தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த பள்ளி. அவள் நின்றுகொண்டிருந்த அதே பணியிடம். அவளுக்கும் அதே நாளுக்கு அழைப்பு வந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

நான் எதையும் தாளில் கோடு கிழித்து இரு பக்கமும் எழுதிப் பார்க்கிற ஆள். போனால், என் மதிப்பெண்ணுக்கு வேலை எனக்குத்தான். அவள் வெளியேற வேண்டும். போகாவிட்டால் அவளுக்குக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அந்தப் பள்ளியை அறியாத மூன்றாவது ஒருத்தி வந்து அமரலாம். ஆற்றோரத்தில் வயலில் கூலிவேலை செய்யும் குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. எங்கள் வீட்டிலோ மூன்று தலைமுறையாக ஆசிரியர்கள். இரு பக்கமும் நிரம்பின. முடிவுக்கு விட்டிருந்த இடம் மட்டும் வெறுமையாகவே இருந்தது. "நெரந்தர வேலைம்மா, யோசிக்கதுக்கு என்ன இருக்கு?" என்றார் அப்பா. சேலை வேறு எசக்கியிடம் இருந்தது. கைபேசியில் கேட்கத் துணிவு வரவில்லை. நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னதாகத் திருச்செந்தூர் ரயிலில் ஏறினேன்.

பள்ளிக்குள் நுழைந்தபோது அவள் வகுப்பு மைதானத்தில் நடந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள் நீண்ட வரிசையில், முன்னால் நிற்பவர் தோளில் கைகளை விறைப்பாக ஊன்றி நின்றார்கள். வரிசையின் ஒரு முனையில் எசக்கி. மறுமுனையில், மணியாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டின் அருகே, கையில் இரும்புக் கம்பியோடு ஒரு சிறுமி.

"கம்பிக்குள்ள எலக்ட்ரான் எறும்பவிட மெதுவாத்தான் ஊருது. அப்போ சுவிட்சப் போட்டதும் பல்பு எப்படில ஒடனே எரியுது?" என்று கேட்டுவிட்டு, தன்னருகே நின்றவனின் தோளை மெல்லத் தள்ளினாள். எவரும் ஓரடிக்கு மேல் நகரவில்லை. ஆனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் மைதானத்தின் கோடியில் மணி அடித்தது.

அடித்த சிறுமியே அதிர்ந்துபோய்க் கத்தினாள்: "டீச்சர்! இங்கன யாருமே வரல, ஆனா வந்துட்டு!"

நான் முதுகலையில் முதல் வகுப்பு. அந்தப் பாடத்தின் சூத்திரத்தைத் தலைகீழாகவும் எழுதுவேன். அது எதைச் சொல்கிறது என்பதை மைதானத்து ஓரத்தில் ஒரு வேப்பமர நிழலில் நின்றுதான் கண்டேன்.  கோயிலில் திரை விலகும்போது ஏன் எல்லோரும் ஒரே நேரத்தில் மௌனமாகிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வகுப்பு முடிந்ததும் எசக்கி, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, செய்தித்தாளில் சுற்றிய சேலையை என் கையில் வைத்தாள். எனக்கும் அழைப்பு வரும் என்று அவள் எதிர்பார்த்தே இருந்திருக்கிறாள்.

"இந்தா. இந்தத் தடவ கஞ்சி அளவாத்தான் போட்டிருக்கேன்."

"அப்ப நீ என்னத்தட்டி கெட்டுவ?"

"இருக்கதக் கெட்டுதேன். ஒம் முறை, நீ கெட்டு. வாய்க்கால்ல அடுத்தவ முறைத் தண்ணியில கை வெச்சா எங்க ஊர்ல மம்பட்டியால வெட்டிப்புடுவாங்க."

"நான் வரல எசக்கி. விட்டுக்குடுக்கேன்."

அவள் சிரித்தாள். "வீட்ல படுத்துக்கிட்டு விட்டுக்குடுத்தேன்னா அது செல்லாதுட்டி. முறைய மாத்தணும்னா மடைக்கு நேர்ல வந்து, நாலு பேர் கேக்கச் சொல்லணும்."

கேலியாகத்தான் சொன்னாள். எனக்கோ, தாளில் வெறுமையாக இருந்த இடம் நிரம்பிவிட்டது.

நேர்காணல் நாளில் காலை முதல் ரயிலில் போனேன். ஆய்வுக்கூடத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்த எசக்கிக்கு, அவள் மறுக்க மறுக்க, அந்தச் சேலையைக் கட்டிவிட்டேன். என் பெயரை அழைத்ததும், வீட்டில் உடுத்துகிற மெல்லிய வாயில் துணிச் சேலையோடு உள்ளே சென்றேன். நிர்வாகக் குழுவில் மூவர். நடுவில் இருந்தவர் அந்த ஊர் விவசாயி. எனக்கு இந்த வேலை வேண்டாம் என்றேன்.

"வேண்டாம்னா வீட்ல இருக்க வேண்டியதுதான? வந்து சொல்லுதது என்ன பழக்கம் தாயி?"

"முறைய மாத்தணும்னா நேர்ல வந்து சொல்லணுமாம் அண்ணாச்சி. எம் முறைய எசக்கியம்மாளுக்குக் குடுக்கேன். அது ஒங்களக் கட்டுப்படுத்தாதுன்னு தெரியும். மார்க்கப் பாக்கதுக்கு முன்னால அவ வகுப்ப ஒருக்கப் பாருங்க."

மற்ற இருவரும் விழித்தார்கள். அவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ எந்த மடை தாயி?"

"எங்களுக்கு மடை கெடையாது அண்ணாச்சி. பாளையங்கோட்டையில குழாய்த் தண்ணிதான்."

அவர் சிரித்த சிரிப்பு வராந்தா வரை கேட்டதாம். பிறகு மூவரும் எழுந்து மைதானத்துக்குப் போனார்கள். எசக்கி அவர்களையும் பிள்ளைகளோடு வரிசையில் நிறுத்திவிட்டாள். நான் ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் மணி அடித்தது. நேரமல்லாத நேரத்தில், ஒரே ஒரு அடி.

வேலை அவளுக்குக் கிடைத்தது. அப்பா பத்து நாள் என்னோடு பேசவில்லை. எட்டு மாதம் கழித்து, அதே சேலையைக் கட்டிக்கொண்டு போய், வள்ளியூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அதன் பிறகு அதற்கு முறைக்காரி எவருமில்லை. நைந்துபோனதும் எசக்கி அதைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கரும்பலகை துடைக்க வைத்துக்கொண்டாள். அவள் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன், பலகையின் ஓரத்தில் ஓர் ஆணியில், சுண்ணாம்புத்தூள் படிந்த நீலக் கரை தொங்கும். ஒவ்வொரு முறையும் சற்றுச் சிறியதாகியிருக்கும்.

போன மாதமும் போயிருந்தேன். பலகை இருந்த சுவரில் இப்போது வெள்ளைத் திரை. விரலால் தொட்டால் எழுதுகிறது, விரலால் தொட்டால் அழிகிறது. மணியும் மின்மணியாகிவிட்டது. துணிக்கு அங்கே இனி வேலையில்லை. ஆணியை மட்டும் எசக்கி பிடுங்க விடவில்லையாம். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும்ட்டி" என்றாள்.